பாக்கெட்டில் 40,000 ஸ்கோவில், செடியில் சப்பென்று: மிளகாய்க் காரமும் மாடித்தோட்டமும்

#1 மாடிப்பச்சை
வணக்கம். மதுரையில் மொட்டை மாடி, 12×12 அங்குலப் பையில் ஆறு மிளகாய்ச் செடி. விதைப் பாக்கெட்டில் குண்டூர் ரகம், 35,000–40,000 ஸ்கோவில் (காரத்தின் அளவு) என்று போட்டிருக்கிறது. பச்சையாகப் பறித்தால் பாதிக் காய் சப்பென்று இருக்கிறது. அதே செடியில் ஒன்றிரண்டு மட்டும் கண்ணில் தண்ணீர் வரவைக்கிறது. இரண்டு செடியில் இலை சுருண்டு நிற்கிறது, பூவும் உதிர்கிறது. அந்த ஸ்கோவில் எண்ணை எப்படிப் புரிந்துகொள்வது? காரம் ஏற என்ன செய்வது? சுருட்டைக்கு என்ன அடிப்பது?

#2 குண்டுவத்தல்
எண்ணில் பொய் இல்லை. ஆனால் அது உங்கள் கையில் இருக்கும் பச்சைக்காயின் எண் இல்லை, காய்ந்த வற்றலின் எண். பச்சைமிளகாயில் நூற்றுக்கு 85 பங்குக்கு மேல் தண்ணீர். வற்றலில் 40,000 வரும் ரகத்தைப் பச்சையாகக் கடித்தால் நாக்குக்கு வந்து சேர்வது கிட்டத்தட்ட 5,000–6,000 தான். காரம் எங்கும் போகவில்லை, தண்ணீரில் பரவிக் கிடக்கிறது. இரண்டு எண்ணை ஒப்பிடும்போது இரண்டும் உலர் எடைக்கா, பச்சை எடைக்கா என்று முதலில் பாருங்கள். இணையத்தில் சுற்றும் பட்டியல்களில் பாதிக்கு இந்தக் கேள்வியே கிடையாது.

இன்னொன்று, பாக்கெட்டில் இருப்பது அந்த ரகத்தின் பொதுவான வீச்சு. ஒரே செடியில் முதல் கொத்துக் காய்க்கும் கடைசிக் கொத்துக்குமே வேறுபாடு வரும். ஒரு காய் சப்பென்றும் அடுத்தது நெருப்பாகவும் இருப்பது விதைக் கோளாறு ஆகாது. பெரும்பாலும் அது முதிர்ச்சி வித்தியாசம்தான்.

#3 அளவுகோல்47
ஸ்கோவில் எங்கிருந்து வந்தது என்பதையும் சேர்த்துவிடுகிறேன், எண்ணை எவ்வளவு நம்பலாம் என்று அதிலேயே தெரிந்துவிடும்.

1912-ல் அமெரிக்காவில் பார்க்-டேவிஸ் மருந்து நிறுவனத்தில் இருந்த வில்பர் ஸ்கோவில் செய்த முறை இது. காய்ந்த மிளகாயை ஆல்கஹாலில் ஊறவைத்துச் சாறு எடுப்பது, அதைச் சர்க்கரைத் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாக நீர்த்துக்கொண்டே போய் ஐந்து பேருக்குச் சுவைக்கக் கொடுப்பது. ஐவரில் மூவருக்கு எரிப்பு தெரியாமல் போகும் வரை எத்தனை மடங்கு நீர்த்தோமோ அதுதான் எண். நாக்கு நாலு கரண்டியிலேயே மரத்துப்போகும் என்பதால் ஆளுக்கு ஆள், நாளுக்கு நாள் முடிவு மாறும்.

இப்போது ஆய்வுக்கூடத்தில் எச்.பி.எல்.சி. கருவியில் காரச் சேர்மங்களை நேரடியாக அளந்து, பத்து லட்சத்தில் ஒரு பங்குக்குச் சுமார் 16 ஸ்கோவில் என்று பெருக்குகிறார்கள். முக்கியக் காரச் சேர்மமான கேப்சைசின் தூயதாக இருந்தால் 1 கோடியே 60 லட்சம் வருவது இந்தக் கணக்கில்தான். வற்றலில் 0.25 சதவீதம் காரச் சேர்மம் இருந்தால் 2,500 × 16 = 40,000. உங்கள் பாக்கெட் எண்ணுக்கு அர்த்தம் அவ்வளவே: 100 கிராம் வற்றலில் கால் கிராம்.

சமையலுக்கு இதில் ஒரு லாபம் உண்டு. எடைச் சராசரி போட்டால் போதும். 10,000 இருக்கும் பியாடகி வற்றல் 100 கிராம், 40,000 இருக்கும் குண்டூர் 50 கிராம் சேர்த்து அரைத்தால் பொடி சுமார் 20,000. அதில் 10 கிராம் எடுத்து ஒரு லிட்டர் குழம்பில் போட்டால் குழம்பு 200. பொடி திரிக்கும்போது கண்ணளவை விட இது உதவும்.

#4 மாடிப்பச்சை
இந்தக் கணக்கு பிடித்தது. அப்படியானால் விதையில்தான் காரம், விதையை எடுத்துவிட்டால் குறையும் என்கிறார்களே, அது?

#5 குண்டுவத்தல்
விதையை எடுத்தால் குறைவது உண்மை. காரணம் விதை இல்லை. காம்புப் பக்கத்திலிருந்து உள்ளே இறங்கும் வெள்ளைத் தண்டும் அதிலிருந்து ஓடும் நரம்பும்தான் காரத்தைச் சுரக்கும் இடம். விதை அதில் ஒட்டிக்கொண்டிருப்பதால் மேலே பூசிக்கொள்கிறது. விதையை வழிக்கும்போது அந்த வெள்ளையும் சேர்ந்து வந்துவிடுவதால் காரம் குறைகிறது. மோர் மிளகாய்க்குக் கீறும்போது நரம்பை விட்டுவிட்டு விதையை மட்டும் உதறினால் காரம் அப்படியேதான் இருக்கும்.

மிகு கார வகைகளில் கதை வேறு. பூத் ஜொலோகியா, டிரினிடாட் ஸ்கார்ப்பியன் போன்றவற்றில் சதையின் உட்சுவரிலும் காரம் சுரக்கிறது என்று நியூ மெக்சிகோ மாநிலப் பல்கலைக்கழகத்தார் காட்டியிருக்கிறார்கள். அவற்றை நரம்பு நீக்கிச் சாதுவாக்க முடியாது.

#6 ஊசிக்காந்தாரி
நாகர்கோவில் பக்கத்திலிருந்து ஒரு சேர்க்கை. காய் சிறிதானால் காரம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியாது. எங்கள் பக்கத்துக் குட்டிக் காந்தாரி மிளகாயில் அது சரி. கடுகு கதைதான். ஆனால் காந்தாரி வேறு இனம், கேப்சிகம் ஃப்ரூட்டெசென்ஸ். வானத்தைப் பார்த்து நிமிர்ந்து காய்க்கும், பழுத்தால் காம்பை விட்டுச் சட்டென்று கழன்று வரும், கிளிக்கும் மைனாவுக்கும் வசதி. பறவைக்குக் காரம் உறைக்காது, நம் நாக்கில் எரிப்பை உணரும் வாங்கி (receptor) அதற்கும் உண்டு, ஆனால் அது கேப்சைசினைக் கண்டுகொள்ளாது. விதையைக் கொண்டுபோய்ப் போடும் வேலை அதனுடையது.

நம் கடையில் கிடைப்பது பெரும்பாலும் கேப்சிகம் அன்னுவம்: குண்டு, சம்பா, குண்டூர் சன்னம், பியாடகி, பஜ்ஜி மிளகாய், குடைமிளகாய் எல்லாம் ஒரே இனம். பூத் ஜொலோகியா பரம்பரை கேப்சிகம் சைனென்ஸ். வளர்ப்புமுறை மாறுவது இந்த இன வேறுபாட்டால்தான்.

நிறத்தையும் காரத்தையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். சிவப்புக்குக் காரணம் கேப்சாந்தின் என்ற வேறு பொருள். காஷ்மீரி மிளகாய் 1,000–2,000 தான், நிறமோ தீ. குண்டூர் நிறத்தில் அதற்குக் கீழே, காரத்தில் எங்கோ மேலே.

#7 வேலிப்பருத்தி
காரம் வேணும்னா காய் பிடிச்ச பிறகு தண்ணியைக் குறைங்க. வாடவிட்டு ஊத்தினா சும்மா ஜிவ்வுனு ஏறும். ராமநாதபுரம் குண்டுக்கு அந்த ருசி வர்றதே மானாவாரியாலதான்.

#8 அளவுகோல்47
பாதி சரி. நீர் நெருக்கடியில் காரச் சேர்மம் கூடுவது பல ரகங்களில் பார்க்கப்பட்டதுதான். எல்லா ரகத்திலும் கூடுவதில்லை. ஏற்கெனவே காரமான சில ரகங்களில் மாற்றமே இல்லை, சிலவற்றில் குறைந்தும் இருக்கிறது. விளைச்சல் மட்டும் எல்லாவற்றிலும் குறைகிறது.

முதுகுளத்தூர், கமுதி பக்கத்துக் கரிசல் வேர் ஆழமாய் இறங்கும் மண். புரட்டாசியில் விதைத்து வடகிழக்குப் பருவமழையில் வளர்ந்து, மழை நின்றபின் மண்ணுக்குள் மிச்சமிருக்கும் ஈரத்தில் காய் முதிர்கிறது. அது மெதுவான வாட்டம். மாடிப் பையில் 18 லிட்டர் மண், சித்திரை வெயிலில் ஒரே பகலில் காய்ந்துவிடும். அங்கே 'வாடவிட்டு ஊற்றுவது' என்றால் பூ உதிர்வு, காய் நுனி அழுகல், சிலந்தி (செடிச்சாறு உறிஞ்சும் நுண்ணிய சிலந்திப்பேன்) மூன்றையும் விருந்துக்குக் கூப்பிடுவது.

ராமநாதபுரம் குண்டுக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதன் தடித்த தோலும் வாசமும் மண்ணும் ரகமும் சேர்ந்து தருவது, தண்ணீரை நிறுத்தி வரவழைப்பது அல்ல.

#9 குண்டுவத்தல்
காரத்துக்கு நம் கையில் இருக்கும் பெரிய கருவி தண்ணீர்க் குழாய் இல்லை, பறிக்கும் நாள். பூ விரிந்து 25–30 நாளில் காய் முழு நீளம் வந்துவிடும், அப்போதே பறித்துவிடுகிறோம். காரச் சேர்மம் உச்சத்துக்குப் போவது பெரும்பாலான ரகங்களில் 40–50 நாளுக்குள். நீளம் நின்ற பிறகு இன்னும் பத்துப் பன்னிரண்டு நாள் விடுங்கள். வெளிர்பச்சை கரும்பச்சையாகி, தோல் பளபளத்து, அழுத்தினால் விறைப்பாக இருக்கும். வெட்டினால் உள்ளே விதை வெள்ளையிலிருந்து வெளிர்மஞ்சளாக மாறியிருக்கும். அதுதான் பச்சைமிளகாய்க்குச் சரியான பருவம். விதை இன்னும் வெள்ளையாக, மெத்தென்று இருந்தால் அந்தக் காயில் புல் வாசம்தான் வரும்.

அளவுக்கு மீறிய தழைச்சத்து இன்னொரு கெடுதல். ஜீவாமிர்தம், மீன் அமிலம், பஞ்சகவ்யம் என்று வாரம் மூன்று தடவை ஊற்றினால் இலை யானைக்காது மாதிரி வரும், பூ பிந்தும், காய் தண்ணீர்க்காயாகும்.

#10 மாடிப்பச்சை
பறித்தது சீக்கிரம் என்பது இப்போது புரிகிறது. அடுத்த பட்டத்துக்கு விதையிலிருந்தே ஒழுங்காக ஆரம்பிக்கலாம் என்று இருக்கிறேன். மண்கலவையிலிருந்து சொல்ல முடியுமா?

#11 செம்மண்சோலை
சொல்றேங்க, அளவோட.

பை: 12×12 அங்குலம் வட்டப்பை முழுக்க நிரப்பினா 22 லிட்டர். மேல 2 அங்குலம் விட்டா 18. ஒரு பைக்கு ஒரே செடி. ரெண்டு வெச்சா ரெண்டும் அரைச் செடிதான். நனைஞ்ச பை 15–20 கிலோ வரும், அதனால சுவரை ஒட்டியோ தூணுக்கு மேலேயோ வைங்க. அடியில ரெண்டு செங்கல் கொடுத்துத் தூக்கிடுங்க, ஓட்டை அடைக்காம இருக்கும்.

கலவை: செம்மண் 1, நார்க்கழிவு 1, நல்லா மக்கின தொழுவுரமோ மண்புழு உரமோ 1. பைக்கு 100 கிராம் வேப்பம் புண்ணாக்கு, 50 கிராம் எலும்புத்தூள், சூடோமோனாஸ் 10 கிராம், டிரைக்கோடெர்மா விரிடி 10 கிராம் (ரெண்டும் வேர் நோயைத் தடுக்கற நுண்ணுயிர்). ஈரமா கலந்து பத்து நாள் நிழல்ல கிடக்கட்டும். புண்ணாக்கு நொதிக்கும்போது சூடு வரும், அன்னைக்கே நட்டா வேர் வெந்துடும்.

நார்க்கழிவுக் கட்டி 5 கிலோன்னா ஊறினதும் 70 லிட்டர் பக்கம் உப்பும். அதுல உப்பு இருக்கும், அலசாமப் போட்டா நாத்தோட இலை ஓரம் கருகும். ரெண்டு மூணு தண்ணி மாத்தி அலசுங்க, வடியற தண்ணி காப்பி நிறத்துலருந்து வெளுத்த டீ நிறத்துக்கு வரணும்.

விதை: சாதாரண ரகம்னா 6–8 மணி நேரம் ஊறவெச்சாப் போதும். விதைக்கிறதுக்கு முன்னாடி லிட்டருக்கு 10 கிராம் சூடோமோனாஸ் கரைசல்ல அரை மணி நேரம் போட்டு எடுங்க. குழித்தட்டுல அரை சென்டிமீட்டர் ஆழம், அதுக்குக் கீழ போகாதீங்க. 25–30 டிகிரி சூட்டுல 7–10 நாள்ல முளைக்கும். முளைச்சதும் அன்னைக்கே வெயிலுக்கு மாத்தணும். ரெண்டு நாள் நிழல்லயே விட்டாலும் கழுத்து நீண்டு சாய்ஞ்சுடும்.

நாத்து அடித்தண்டு நூல் மாதிரி இளைச்சு விழுந்தா அது நாற்றழுகல். தண்ணி அதிகம், காத்து இல்லைன்னு அர்த்தம். விழுந்ததை எடுத்துட்டு, மேல் மண்ணு வெளுத்த பிறகு மட்டும் தண்ணி தெளிங்க. பரவினா காப்பர் ஆக்சிகுளோரைடு லிட்டருக்கு 2.5 கிராம், வேர்ல ஊத்துங்க.

நடவு: 35–40 நாள், ஆறு எட்டு இலை, சாயங்காலம். நட்டு மூணு நாள் நிழல். 20 செ.மீ. உயரம் வந்ததும் குருத்தைக் கிள்ளினா பக்கக்கிளை வரும். முதல் கவட்டையில வர்ற ஒத்தைப் பூவையும் கிள்ளிடுங்க. மனசு வராது, இருந்தாலும் கிள்ளுங்க.

உரம்: நட்டு மூணு வாரம் ஒண்ணும் வேணாம். அப்புறம் 15 நாளைக்கு ஒருதரம் ரெண்டு கைப்பிடி மண்புழு உரம், மண்ணைக் கொத்தி மூடிடுங்க. பூ வந்த பிறகு சாம்பல் ஒரு மேசைக்கரண்டி, மாசம் ஒருதரம், அதுக்கு மேல வேணாம். சாம்பல் காரத்தன்மை, மிளகாய்க் காரம் இல்ல.

#12 வேலிப்பருத்தி
கடைசி வரி நல்லாருக்கு. பட்டம் எப்போ? ஆடிப்பட்டம்தானே?

#13 செம்மண்சோலை
ஆடி நல்லது. விதைச்சு புரட்டாசியில பூ, வெயில் இறங்கற நேரம். தை மாசமும் விதைக்கலாம், ஆனா பூக்கற நேரம் பங்குனி சித்திரையில மாட்டிக்கும், நிழல்வலை இல்லாம மதுரையில கஷ்டம்.

தென் மாவட்டத்துக்கு கோவில்பட்டி ரகம் கே 1, கே 2, பரமக்குடி பிஎம்கே 1 எல்லாம் வெயிலுக்குப் பழகினது. பிஎம்கே 1-க்கு ராமநாதபுரம் குண்டு ஒரு பக்கத்துப் பெற்றோர். மாடிக்கு இதுங்க போதும், பெரிய காய்க் கலப்பின ரகத்தை விட சண்டித்தனம் குறைவு.

#14 மாடிப்பச்சை
சரி, சுருட்டைக்கு வருவோம். ஒரு செடியில் இலை மேல்பக்கமாகச் சுருண்டிருக்கிறது, இன்னொன்றில் கீழ்ப்பக்கமாக. இரண்டுக்கும் வேப்பெண்ணெய்தான் அடித்துக்கொண்டிருக்கிறேன்.

#15 ஊசிக்காந்தாரி
நல்ல வேளை, எந்தப் பக்கம் என்று பார்த்து எழுதினீர்கள். எல்லாரும் 'சுருட்டை' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். அது மூன்று வெவ்வேறு தொல்லை.

மேல்நோக்கி, ஓரம் இரண்டும் தூக்கிப் படகு மாதிரி மடிந்தால் இலைப்பேன். பூவை வெள்ளைத் தாளில் தட்டிப் பாருங்கள், நூல் துணுக்கு மாதிரி மஞ்சளாகவோ கறுப்பாகவோ ஓடும். 2021-லிருந்து தெலங்கானா, ஆந்திர மிளகாய்க் காடுகளை அழித்த கறுப்பு இலைப்பேன் பூவிலேயே குடியிருக்கும். இலைக்கு மட்டும் அடித்தால் அது பூவுக்குள் சுகமாக இருக்கும்.

கீழ்நோக்கி, கவிழ்த்த படகு மாதிரி, இலை ஒடுங்கி, காம்பு மட்டும் நீண்டு, குருத்தில் எண்ணெய் பூசிய பழுப்பு மினுக்கு தெரிந்தால் மஞ்சள் சிலந்தி. வெறுங்கண்ணுக்குத் தெரியாது, 10 மடங்கு லென்ஸில் குருத்திலையின் அடியில் பாருங்கள்.

இலை சிறுத்து, நரம்பு தடித்து, குருத்து கொத்தாகி, மஞ்சள் ஓடி, செடி குட்டையாக நின்றுவிட்டால் வைரஸ். வெள்ளை ஈ கொண்டுவந்து விடுவது. அதற்கு மருந்து என்று எதுவும் இல்லை. பிடுங்கி மூடிய பையில் கட்டிப் போடுங்கள். மற்ற ஐந்தைக் காப்பாற்ற இந்த ஒன்றைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

சிலந்திக்கு நனையும் கந்தகம் 80 சதவீதம், லிட்டருக்கு 2 கிராம், காலை எட்டு மணிக்குள், இலையின் அடியில் படும்படி. ஏழு நாள் கழித்து இன்னொரு தடவை, முட்டையிலிருந்து வந்தவற்றுக்கு. சிலந்தி பூச்சி இனமே இல்லை, எட்டுக்கால். பூச்சிமருந்து பல அதைத் தொடாது. தொடாததோடு, அதைத் தின்னும் நல்ல பூச்சியைக் கொன்று சிலந்தியை வளர்த்தும் விடும்.

இலைப்பேனுக்கு நீல ஒட்டுப்பொறி, வெள்ளை ஈக்கு மஞ்சள். ஆறு பைக்கு ஒவ்வொன்று, செடியின் உச்சி மட்டத்தில். வேப்பெண்ணெய் 5 மில்லியில் முதலில் 2 மில்லி சோப்புக் கரைசலை அடித்துப் பால் மாதிரி வெளுத்த பிறகு ஒரு லிட்டர் தண்ணீர். நேராகத் தண்ணீரில் எண்ணெயை ஊற்றினால் மிதக்கும், படும் இடம் கருகும், படாத இடம் சும்மா இருக்கும். வெர்டிசிலியம் லெக்கானி (பூச்சியைத் தாக்கும் பூஞ்சாணம்) லிட்டருக்கு 5 கிராம், மாலையில், காற்றில் ஈரம் இருக்கும் நாளில்.

#16 அளவுகோல்47
ஒரு எச்சரிக்கை சேர்க்க வேண்டும். வேப்பெண்ணெய் அடித்து இரண்டு வாரம் ஆகாமல் கந்தகம் அடிக்கக் கூடாது. இரண்டும் சேர்ந்தால் இலை பொசுங்கும். 32–35 டிகிரிக்கு மேல் வெயில் ஏறும் நாளிலும் கந்தகம் வேண்டாம். #14-ல் வேப்பெண்ணெய் ஓடிக்கொண்டிருப்பதாக எழுதியிருக்கிறார், அவருக்கு இன்றைக்குக் கந்தகம் ஆகாது.

#17 ஊசிக்காந்தாரி
சரிதான், சொல்லாமல் விட்டது என் தவறு. மாடிப்பச்சை, அதுவரைக்கும் கீழே சுருண்ட செடியின் குருத்தை நான்கு அங்குலம் வெட்டி அப்புறப்படுத்துங்கள். சிலந்தி பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். தண்ணீரை இலையின் அடியில் வேகமாகப் பீய்ச்சுங்கள். தெளிப்பை இரண்டு வாரம் நிறுத்திவிட்டுக் கந்தகத்துக்கு மாறலாம்.

#18 மாடிப்பச்சை
வெட்டிவிட்டேன். பூ உதிர்வதற்குத் தேமோர்க் கரைசல் என்கிறார்கள், வளர்ச்சி ஊக்கி என்கிறார்கள். எது?

#19 குண்டுவத்தல்
முதலில் வெப்பமானி. பகல் 35 டிகிரிக்கு மேலும் இரவு 24–25-க்குக் கீழே இறங்காமலும் இருந்தால் மகரந்தம் வீணாகிவிடும், செடியே பூவைக் கழற்றிவிடும். எதை ஊற்றினாலும் நிற்காது. 50 சதவீத நிழல்வலை, பகல் 11 முதல் 4 வரை. கறுப்புப் பை என்றால் வெளியே வெள்ளைச் சாக்கு சுற்றுங்கள், வேர் வெந்துகொண்டிருக்கும்போது பூ எப்படி நிற்கும்? மண்மேல் இரண்டு அங்குலம் காய்ந்த இலைச் சருகு. காலையில் பைக்கு ஒன்று, ஒன்றரை லிட்டர், கோடையில் சாயங்காலமும் அரை லிட்டர். விரலை ஒரு அங்குலம் நுழைத்துப் பார்த்து ஊற்றுங்கள், நாள் கணக்கு வைத்து அல்ல.

வெயில் தணிந்தும் உதிர்ந்தால் வளர்ச்சி ஊக்கி என்.ஏ.ஏ. 10 பி.பி.எம். (பத்து லட்சத்தில் பத்துப் பங்கு). கடையில் பிளானோஃபிக்ஸ் 4.5 சதவீதம் என்று கிடைக்கும், 4.5 லிட்டர் தண்ணீருக்கு 1 மில்லி, துல்லியமாக. நட்டு 60-ம் நாள், 90-ம் நாள் என்று இரண்டு தெளிப்பு. ஒரு மூடி கூடினால் அதுவே பூவைக் கொட்டவைக்கும். மூடியால் அளக்க வேண்டாம், மருந்துக்கடை ஊசிக்குழல் வாங்குங்கள்.

#20 செம்மண்சோலை
தேமோர் போடறவங்களுக்கு: புளிச்ச மோர் ஒரு பங்கு, தேங்காய்ப்பால் ஒரு பங்கு, மண்பானையில ஏழு நாள், தினம் ஒரு கலக்கு. ஒரு லிட்டருக்குப் பத்து லிட்டர் தண்ணி, நல்லா வடிகட்டி. நல்லாத்தான் வேலை செய்யுது, ஆனா மேல சொன்ன சூட்டுல அதுவும் தோத்துடும். வடிகட்டாமத் தெளிச்சா எறும்பு வரும், எறும்பு பின்னாலேயே மாவுப்பூச்சியும் அசுவினியும் வரும்.

#21 நிலாமுற்றம்
இடையில் ஒரு கேள்வி. பக்கத்தில் குடைமிளகாயும் இருக்கிறது. மகரந்தம் கலந்து குடைமிளகாய் காரமாகிவிடுமா? இன்னொன்று, என் காய்களின் நுனி கறுத்துச் சப்பையாகிறது, முட்டை ஓடு போட்டேன்.

#22 அளவுகோல்47
இந்த வருடக் காய் காரமாகாது. காரம் சுரக்கும் வெள்ளை நரம்பு தாய்ச்செடியின் திசு, அப்பன் யார் என்பது விதைக்குள் மட்டும்தான் எழுதப்படும். அந்த விதையை அடுத்த வருடம் விதைத்தால் வருவது காரமாக இருக்கும். காரத்தைத் திறக்கும் மரபணு குடைமிளகாயில் பழுதுபட்டது, ஒரு பக்கத்திலிருந்து நல்ல பிரதி வந்தால் காரம் திறந்துகொள்ளும். விதைக்கு வைக்கும் கிளையை மொட்டிலேயே மெல்லிய துணிப்பையால் கட்டிவிடுங்கள், காய் பிடித்ததும் அவிழ்த்து நூல் கட்டி அடையாளம் வையுங்கள். கலப்பினப் பாக்கெட் என்றால் விதை எடுக்கவே வேண்டாம், அடுத்த தலைமுறை ஆளுக்கொரு பக்கம் போகும்.

நுனி கறுப்பது சுண்ணச்சத்துக் குறை. பெரும்பாலும் மண்ணில் சத்து இருக்கும், தண்ணீர் ஒரு நாள் காய்ந்து ஒரு நாள் வெள்ளமாக வருவதால் காய் நுனிவரை போய்ச் சேராது. முட்டை ஓடு கரைய மாதக்கணக்கு ஆகும், இந்தப் பருவத்துக்கு உதவாது. கால்சியம் நைட்ரேட் லிட்டருக்கு 2 கிராம், வாரம் ஒருமுறை வேரில், மூன்று வாரம். எப்சம் உப்புப் போடச் சொல்வார்கள், வேண்டாம். மெக்னீசியம் கூடினால் சுண்ணம் ஏறுவது இன்னும் குறையும். நுனியில் குழிவிழுந்து வட்ட வட்டமாகக் கறும்புள்ளி வளையம் தெரிந்தால் அது வேறு, பழ அழுகல் பூஞ்சாணம். காயை எடுத்துவிட்டு மான்கோசெப் லிட்டருக்கு 2 கிராம், பாக்கெட்டில் போட்டிருக்கும் காத்திருப்பு நாள் முடிந்துதான் பறிக்க வேண்டும்.

#23 வேலிப்பருத்தி
இவ்வளவு பேசியாச்சு, பூத் ஜொலோகியா மாடியில வருமா?

#24 ஊசிக்காந்தாரி
வரும், பொறுமை வேண்டும். முளைக்கவே இரண்டிலிருந்து ஐந்து வாரம். விதைத்தட்டு 28–30 டிகிரியில் இருக்க வேண்டும், இரவில் குளிர்ந்தால் இன்னும் இழுக்கும். 15×15 பை, எப்போதும் அரை நிழல், நட்டு நாலைந்து மாதம் கழித்துத்தான் பழம். அஸ்ஸாம், நாகாலாந்து ஈரக்காற்றுக்குப் பழகிய செடி. மதுரைச் சித்திரையில் இலையோடு நிற்கும், அவ்வளவுதான், காய்க்கச் சொல்லாதீர்கள். இதன் உறவான நாகாலாந்தின் நாகா மிளகாய்க்கு 2008-லேயே புவிசார் குறியீடு. 2007-ல் பூத் ஜொலோகியா கின்னஸில் உலகின் காரமான மிளகாய் என்று 10,01,304 ஸ்கோவிலோடு ஏறியது. பிறகு கரோலினா ரீப்பர், 2023-ல் பெப்பர் எக்ஸ் 26,93,000 என்று போய்விட்டது. வீட்டுச் செடி ஒன்றில் வரும் முப்பது பழம் ஒரு குடும்பத்துக்கு இரண்டு வருடத்துக்கு ஊறுகாய் போட மிச்சம்.

கையுறை இல்லாமல் வெட்டாதீர்கள். வெறும் மிக்ஸியில் உலர் பொடி திரித்தால் வீட்டில் யாரும் மூச்சுவிட முடியாது.

#25 நிலாமுற்றம்
கையுறை போட மறந்தால்? தண்ணீரில் கழுவினால் இன்னும் எரிகிறதே.

#26 குண்டுவத்தல்
கேப்சைசின் தண்ணீரில் கரையாது, எண்ணெயில் கரையும். தேங்காய் எண்ணெயோ நல்லெண்ணெயோ தாராளமாகத் தேய்த்து ஒரு நிமிடம் விட்டு, துணியால் துடைத்து, பிறகு பாத்திரம் துலக்கும் சோப்பு. இரண்டு தடவை. வாய்க்குப் பால் அல்லது தயிர், அதிலுள்ள புரதம் அதைப் பிடித்துக்கொண்டு போகும். கண்ணில் பட்டால் எண்ணெய், பால் எதுவும் வேண்டாம், சுத்தமான தண்ணீரை ஓடவிட்டுக் கழுவுங்கள்.

எரிகிறது என்றாலும் உண்மையில் வேகவில்லை. உடலில் 43 டிகிரிக்கு மேல் சூடு பட்டால் கத்தும் ஒரு வாங்கி இருக்கிறது, அதன் கதவையே மிளகாயும் தட்டுகிறது. 1997-ல் டேவிட் ஜூலியஸ் குழு அதைக் கண்டுபிடித்தது, 2021-ல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு. சுடுசோற்றில் மிளகாய் இன்னும் உறைப்பதற்கும் காரணம் அதுதான், இரண்டு பேர் ஒரே கதவைத் தட்டுகிறார்கள்.

#27 மாடிப்பச்சை
கடைசியாக ஒன்று. காய்ந்தபின் எவ்வளவு நிற்கும், செடியை எப்போது மாற்ற வேண்டும்?

#28 செம்மண்சோலை
பழுத்ததுல 100 கிலோவுக்கு 25–35 கிலோ வத்தல், வீட்டுக் கணக்குல ஒரு கிலோ பழம் கால் கிலோவுக்குக் கொஞ்சம் மேல. செடியிலேயே பாதி சுருங்கட்டும், அப்புறம் பறிச்சு ஒரு நாள் நிழல்ல குவிச்சு வெச்சு நிறம் ஒரே மாதிரி ஆனதும் வெயில்ல பரப்புங்க. ராத்திரி பனி படாம மூடணும், இல்லேன்னா உள்ள பூஞ்சை. குலுக்கினா விதை கலகலக்கணும், மடக்கினா காம்புகிட்ட ஒடியணும். வளைஞ்சா இன்னும் ஈரம். வெளிய நல்லாருந்து உள்ள சாம்பல் பூத்த வத்தலைத் தூக்கிப் போட்டுடுங்க, வறுத்தாலும் அந்தப் பூஞ்சை நஞ்சு போகாது.

செடி ஒரு வருஷத்துச் செடி இல்ல. காய்ப்பு ஓய்ஞ்சதும் ஆடியில ஒரு அடி விட்டு வெட்டி, மேல் மண்ணு மூணு அங்குலம் மாத்தி, ரெண்டு கைப்பிடி தொழுவுரம். திரும்பக் கிளைக்கும். வைரஸ் வந்த செடியை மட்டும் இப்படி வெச்சிருக்காதீங்க. பையைக் காலி பண்ணினா அந்த மண்ணுல அடுத்ததா தக்காளி, கத்திரி வேணாம், ஒரே குடும்பம், ஒரே நோய். கீரையோ கொத்தவரையோ போடுங்க.

#29 மாடிப்பச்சை
கீரைதான். விதை வாங்கிவிட்டேன், அரைக்கீரை.